நடுங்கிக்கொண்டே நின்றவர்

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். ஒயர்மேனுக்கு நல்ல வெளிச்சத்திலும் பேய்தான். பல்லியைக் கண்டால் பயம், நாயைக் கண்டால் பயம், இடி இடித்தால் பயம், பல் டாக்டர் வீட்டுத் தெருவில் நடக்கவே பயம். வீட்டு வாசலில் தெரியாத சைக்கிள் ஒன்று சாய்த்து வைத்திருந்தால் உள்ளே வர மாட்டார். எதிர்ச் சாரியில் நின்று, அந்த சைக்கிளின் சொந்தக்காரன் வந்து ஏறிப் போகும்வரை பார்த்துக்கொண்டிருப்பார்.

வயிற்றுப் பிழைப்பாக மின்சார வேலையை எடுத்துக்கொண்டவருக்கு மின்சாரத்தின் மேலும் பயம். மெயினை அணைப்பார். ஏணிவரை நடப்பார். அணைத்தோமா இல்லையா என்று திரும்பி வந்து பார்ப்பார். ஏணியில் ஏறியதும் மேலிருந்தே, "அக்கா, யாரும் மெயினைத் தொட மாட்டாங்களே?" என்று கேட்பார். டெஸ்டரை வைத்துப் பார்த்து, துடைத்து, மறுபடியும் வைத்துப் பார்ப்பார். 'பயந்தாங்கொள்ளி ஒயர்மேன்' என்று ஊரே கூப்பிட்டது. ஆனால் புது வீடு கட்டினால் அவரைத்தான் தேடி வந்தார்கள். வீரன் இழுத்த ஒயரைவிடப் பயந்தவன் இழுத்த ஒயர் பத்திரம் என்று ஊருக்குத் தெரிந்திருந்தது.

அவர் மனைவி சட்டைத் தொழிற்சாலையில் காஜா எடுப்பவள். சட்டையின் பட்டன் துளையை மெஷினில் வைத்துத் தைத்து வெட்டுவதுதான் வேலை. நாள் முழுக்கத் துளைகள். 'காஜா அக்கா' என்றால் அந்தக் கூடம் முழுக்கத் தெரியும். கை ஓடும் வேகத்துக்கு வாயும் ஓடும்.

"எங்க வீட்டுல கரப்பான்பூச்சி வந்தா அது உள்ளே இருக்கும், அவர் வெளியே இருப்பார். நான் வேலை முடிஞ்சு போய் ரெண்டு பேருக்கும் பஞ்சாயத்து பண்ணி இடம் மாத்தணும்" என்பாள். மெஷின்களின் சத்தத்தை மீறிப் பெண்கள் சிரிப்பார்கள். இதே கதையை வீட்டில் அவர் முன்னாலேயே சொல்லுவாள். எல்லாரையும்விட அதிகமாக அவர்தான் சிரிப்பார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் மகளைக் கூட்டிக்கொண்டு ஆராதனைக்குப் போவார்கள். டயர் கடைக்கு மேலே ஒரு நீளமான மாடி. ரப்பர் வாடை மேலேறி வரும். பாட்டு, ஜெபம், வேத வாசிப்பு எல்லாம் அந்த வாடையில்தான். அங்கே பிரசங்கம் செய்கிறவர் ஒயர்மேனின் அண்ணன். அவருக்குச் 'சங்கு' என்று பெயர் வைத்திருந்தார்கள். அவர் வாயைத் திறந்தால் கீழே டயர் கழற்றுகிறவன் வேலையை நிறுத்திவிட்டு மேலே பார்ப்பான்.

தம்பியோ அதற்கு நேர் எதிர். ஒரு தடவை ஜெபத்தை நடத்தச் சொன்னார்கள். எழுந்தார், 'ஆண்டவரே' என்றார். நின்றார். வியர்த்தது. 'ஆமென்' என்று உட்கார்ந்துவிட்டார்.

"தம்பி, சுருக்கமா இருந்தாலும் முழுசா இருந்துச்சு" என்றார் சங்கு. மாடியே குலுங்கியது.

வீட்டில் இடி இடிக்கும்போது போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு கிடப்பார். போர்வைக்குள் உதடு அசையும். ஜெபம் பண்ணுகிறார் என்று அவளுக்குத் தெரியும். இந்தப் பக்திக்கும் இந்தப் பயத்துக்கும் நடுவில் கோடு எங்கே என்று அவள் சில சமயம் யோசித்ததுண்டு. கோடு கிடைக்கவில்லை. திரும்பிப் படுத்துத் தூங்கிவிடுவாள்.

பிறகு ஆட்சி மாறியது. ஊர் நிர்வாகம் ஒரு குழுவின் கைக்குப் போனது. முதலில் மாடிக்குப் பூட்டு விழுந்தது. டயர் கடைக்காரர் மாடிச் சாவியைத் திருப்பிக் கேட்டபோது நிமிர்ந்து பார்க்கவில்லை. அப்புறம் வீடுகளில் கூடக் கூடாது என்றார்கள். கூடியவர்களில் ஒரு தச்சர் நடுரோட்டில் அடி வாங்கினார். ஒரு பால்காரரின் கேன்கள் சாக்கடையில் கவிழ்க்கப்பட்டன. எல்லாம் நடந்து முடிந்த பிறகு, ஒரு நாள் வேனில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு அறிவிப்பு வந்தது. இந்த நம்பிக்கையில் இருப்பவர்கள் அனைவரும் ஊர்க் கூடத்துக்கு வர வேண்டும். மேடையில் ஏறி, மைக் முன்னால், 'நான் இயேசுவை விட்டுவிட்டேன், இனி அவருக்கும் எனக்கும் சம்பந்தமில்லை' என்று சொல்ல வேண்டும். சொன்னவர்கள் முன்போல வாழலாம். சொல்லாதவர்களின் வேலையும், பிள்ளைகளின் படிப்பும் போனால் அதற்கு அவர்களே பொறுப்பு.

மகள் நர்ஸிங் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். வெள்ளைச் சீருடையை அம்மாதான் தைத்துக் கொடுத்திருந்தாள். காஜா ஒவ்வொன்றையும் கையாலேயே முடித்திருந்தாள்.

சங்கு தன் வீட்டுக் கதவைச் சாத்திவிட்டு நாலைந்து குடும்பங்களை உட்கார வைத்துப் பேசினார். "தலையே போனாலும் சொல்லக் கூடாது. மனுஷனுக்குப் பயப்படுறவன் ஆண்டவருக்கு எப்படி உண்மையா இருப்பான்?" என்றார். பேசும்போது அவர் கண், யாரும் சொல்லாமலே, மூலையில் முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த தம்பியின் பக்கம் போனது. எல்லாருடைய கண்ணும் போனது. அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அவள் மட்டும் உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தாள். இத்தனை வருஷம் தலையெழுத்து என்று சகித்துக்கொண்டு வந்த அவருடைய பயம், இப்போது குடும்பத்தைக் காப்பாற்றப் போகிறது என்று நினைத்தாள். வீரன் பொண்டாட்டிகள் அழட்டும். என் புருஷன் பூனை குறுக்கே வந்தாலே வழி விடுகிறவர், இவர்களுக்கா விட மாட்டார்?

அந்த நினைப்புக்குத் தோதாகவே இன்னொன்றும் நடந்தது. கூடத்தில் விளக்கும் மைக்கும் போட ஒயர்மேனைத்தான் குழுத் தலைவர் கூப்பிட்டனுப்பினார். தலைவர் முன்பு சிமெண்ட் கடை வைத்திருந்தவர். அவர் வீட்டுக்கு ஒயரிங் செய்தது இவர்தான். முடியாது என்று சொல்லப் பயந்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டார். இரண்டு பக்கமும் ஸ்பீக்கர் கட்டி, மேடைக்கு ஒயர் இழுத்து, யாரும் தடுக்கி விழக் கூடாது என்று ஒயரின் மேல் சாக்கைப் போட்டு மூடிவிட்டு வந்தார். வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல."

"ஒரு வரிதானே. சொல்லிட்டு வந்துடலாம். மனசு ஆண்டவருக்குத் தெரியாதா?"

அவர் டெஸ்டரை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். பயத்தில் இருக்கிறார் என்று விட்டுவிட்டாள். அதுவும் உண்மைதான்.

கூடத்தில் முதலில் கூப்பிட்டது சங்கை. நாலு தெருவுக்குக் கேட்கும் குரல் மைக் முன்னால் நின்றும் முதல் வரிசையைத் தாண்டவில்லை. "சத்தமா" என்றார் தலைவர். மறுபடியும் சொன்னார். "கேக்கலையே" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள். மூன்றாவது தடவை சத்தமாகச் சொன்னார். இறங்கி வந்து நாற்காலியில் உட்காராமல் சுவர் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். முதுகு மட்டும் ஏறி இறங்கியது.

அப்புறம் பலர். அப்புறம் காஜா அக்கா. படியேறும்போது மகளை நினைத்துக்கொண்டாள். மைக் முன்னால் போய், கடையில் சாமான் கேட்கிற மாதிரி, தடங்கல் இல்லாமல் சொல்லிவிட்டாள். யாரோ கை தட்டினார்கள். இறங்கி வரும்போது நாக்கு வறண்டிருந்தது. தண்ணீர் குடித்தால் சரியாகிவிடும் என்று நினைத்தாள்.

அடுத்து ஒயர்மேன்.

அவர் மேடைக்கு ஏறும்போதே கூட்டத்தில் சிரிப்பு. வெட்டுக்குப் போகிற ஆடு மாதிரி கால் பின்னியது. மைக் கம்பியைப் பிடித்தார். பிடித்த கை நடுங்கியதில் அவரே கட்டிய ஸ்பீக்கர் இரண்டிலும் கடகடவென்று சத்தம் வந்தது.

"மன்னிச்சிடுங்க சார்" என்றார்.

கூடம் சிரித்தது. தலைவரும் சிரித்தார். "பயப்படாதேப்பா. ஒரு வரிதான். எல்லாரும் சொல்லலையா?"

"பயமாத்தான் சார் இருக்கு. ரொம்பப் பயமா இருக்கு. ஆனா அதைச் சொல்ல முடியல. மன்னிச்சிடுங்க."

"என்னது?"

"அவர் என்னை விட்டதில்ல சார். நான் எப்படி அவரை விட்டுட்டேன்னு சொல்றது?"

சிரிப்பு மெல்ல நின்றது. காஜா அக்கா எழுந்து நின்றுவிட்டாள். 'சொல்லுங்க' என்று உதட்டை அசைத்தாள். அவர் அவளைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். கண்ணில் தண்ணீர் வழிந்தது. வாய் திறக்கவில்லை. இரண்டு பேர் ஏறிக் கையைப் பிடித்துக் கீழே இறக்கும்போதும், "ஒயர்ல கால் வைக்காதீங்க, தடுக்கும்" என்று அவர்களிடம் சொல்லிக்கொண்டே போனார்.

கூடத்துக்குப் பின்னால் பழைய தானியக் கிடங்கு ஒன்று இருந்தது. அதில் அடைத்தார்கள். அவள் தினமும் வேலைக்குப் போகும் முன் டிபன் டப்பாவைக் கேட்டில் கொடுப்பாள். திரும்பும்போது வாங்குவாள். சில நாள் காலியாக இருக்கும். சில நாள் கொடுத்தபடியே இருக்கும். காலி டப்பாவை யார் காலி செய்தார்கள் என்று அவளுக்குத் தெரியாது.

தொழிற்சாலையில் இப்போது அவள் வாய் ஓடவில்லை. மெஷின் மட்டும் ஓடியது. பெண்கள் அவளைப் பார்த்து, "உங்க வீட்டுக்காரரா அக்கா? நம்பவே முடியல" என்றார்கள். அவளாலும்தான் நம்ப முடியவில்லை. கோபம்தான் வந்தது. வாழ்நாள் முழுக்க ஒரு கரப்பான்பூச்சியை எதிர்த்து நிற்காத மனுஷன், எதிர்த்து நிற்க இதைத்தானா பார்த்து எடுத்தார்?

தலைவரே ஒரு நாள் ஆளனுப்பி அவளைக் கூப்பிட்டார். "நீ போய்ப் பேசும்மா. நல்ல மனுஷன், எனக்கும் கஷ்டமா இருக்கு. பயந்த சுபாவம். நீ ரெண்டு வார்த்தை சொன்னா கேட்டுக்குவான்" என்றார்.

கிடங்கில் சாக்கு நாற்றம். உயரத்தில் கம்பி போட்ட ஒரு துவாரம் வழியாகக் கொஞ்சம் வெயில் வந்தது. அவர் சுவரோரம் காலை மடக்கி உட்கார்ந்திருந்தார். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. தொட்டாள். உடம்பு கொதித்தது.

"வந்துட்டியா" என்றார். உடனே மேலே கையைக் காட்டினார். "அந்த ஒயர் ஜாயிண்ட் பாரு. டேப்பே சுத்தல. மழை பெஞ்சா சுவரெல்லாம் ஷாக் அடிக்கும். அவங்ககிட்ட சொல்லிடு. காவலுக்கு இருக்கற பையன் அந்தச் சுவர்லதான் சாய்ஞ்சு நிக்கறான்."

அழக் கூடாது என்று கோபத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"பல்லிக்குப் பயப்படுற ஆளு நீங்க. இதுக்கு மட்டும் எங்கேயிருந்து வந்துச்சு இந்தத் தைரியம்?"

"தைரியமா? எனக்கா?" அவர் கையை நீட்டினார். இலை மாதிரி ஆடியது. "ராத்திரி எலி ஓடுது. கதவு தட்டற சத்தம் கேட்டா மூலைக்குப் போய் ஒடுங்கிக்கறேன். தைரியமெல்லாம் ஒண்ணும் வரலம்மா."

"அப்போ சொல்லிட்டு வாங்களேன்! உங்க காலைப் பிடிக்கிறேன்."

"சின்ன வயசுலேர்ந்து பயம் வந்தா அவர்கிட்டதானே போறேன்? வேற எங்கேயும் போகத் தெரியாதே எனக்கு. பயப்படுறவன் பிடிச்ச கையை விடுவானா? தைரியசாலிதான் விடுவான். அவனுக்குத் தனியா நடக்கத் தெரியும்."

"நான் விட்டேனே. அண்ணன் விட்டாரே. நாங்களெல்லாம் நரகத்துக்கா போறோம்? ஆண்டவர் மன்னிக்க மாட்டாரா?"

"உன்னை மன்னிச்சிருப்பார். நீ பாப்பாவுக்காகச் சொன்னே. அதுல எனக்குச் சந்தேகமே இல்ல."

"அப்போ உங்களை மட்டும் மன்னிக்க மாட்டாரா?"

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். ஒரு வீட்டுக்கு எத்தனை விளக்கு தாங்கும் என்று கணக்குப் பார்க்கும்போது நெற்றியில் வருகிற சுருக்கம் வந்தது.

"மன்னிப்பார்" என்றார் கடைசியில். "அது தெரியும். தெரிஞ்சுக்கிட்டே எப்படிம்மா அவர் முகத்தைப் பார்த்து…" அதற்கு மேல் முடியாமல் முட்டியில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

அவளுக்கு எதுவும் பிடிபடவில்லை. பாப்பாவின் படிப்பு, வாடகை வீடு, தெருவில் தன்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர்கள், எல்லாம் ஒன்றாக நெஞ்சில் ஏறியது.

"அப்படின்னா இங்கேயே கிடங்க" என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

கதவுவரை போனபோது பின்னாலிருந்து கூப்பிட்டார். அவள் திரும்பவில்லை.

"கேட் பக்கத்துல நாய் ஒண்ணு இருக்கு. பார்த்துப் போம்மா."

அதுதான் கடைசி. மழைக்காலம் தொடங்கி, காய்ச்சல் நெஞ்சில் இறங்கி, அவர் அந்தக் கிடங்கிலேயே போய்விட்டார். காஜா மெஷினில் உட்கார்ந்திருந்தவளை வந்து கூட்டிப் போனார்கள். கையில் பாதி வெட்டிய சட்டை இருந்தது. அதை மடித்து வைத்துவிட்டுத்தான் எழுந்தாள். ஏன் மடித்தோம் என்று பிறகு நினைத்து நினைத்துப் பார்த்தாள்.

தலைவர் அறையில் அவளுக்கு நாற்காலி போட்டார்கள். சங்கும் மகளும் அங்கே இருந்தார்கள்.

"எங்களுக்கும் வருத்தம்தாம்மா" என்றார் தலைவர். "ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சுடுச்சு. ஆனா ஒரு நல்ல விஷயம். கடைசியில மனசு மாறிட்டார். சொல்லிட்டார். நாளைக்குக் கூடத்துல அறிவிக்கப் போறோம். நீ பக்கத்துல நின்னா போதும், வாயே திறக்க வேண்டாம். உடம்பைக் கொடுத்துடறோம். உங்க வழக்கப்படியே அடக்கம் பண்ணிக்கோ. பொண்ணு படிப்பும் தொடரட்டும்."

"என்ன சொன்னார்?" என்று கேட்டாள்.

"அதான்மா, அந்த நம்பிக்கையை விட்டுட்டேன்னு."

"எந்த வார்த்தையில சொன்னார்?"

தலைவர் கொஞ்சம் தயங்கினார். "கணீர்னு சொன்னார். 'இயேசுவை விட்டுட்டேன், அவருக்கும் எனக்கும் சம்பந்தமில்லை'ன்னு. காவலுக்கு இருந்தவங்க எல்லாம் கேட்டாங்க."

அவள் தலையை ஆட்டினாள். தலைவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். ஆனால் அவளுக்கு அந்த நொடியிலேயே தெரிந்துவிட்டது. அந்த மனிதர் வாழ்க்கையில் எதையும் கணீரென்று சொன்னதில்லை. மளிகைக் கடையில் உப்பு கேட்பதற்கு முன்னால்கூட மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் கேட்பார்.

வெளியே வந்ததும் சங்கு அவள் பக்கத்தில் வந்தார். "ஏம்மா, அவன் சொன்னானோ சொல்லலையோ. இனி அவனுக்கு என்ன? அவன் ஆண்டவர்கிட்ட போயாச்சு. பாப்பாவைப் பாரு" என்றார். சொல்லும்போது அவர் முகத்தில் துக்கத்துக்கு அடியில் வேறொன்று தெரிந்தது. தம்பியும் சொல்லியிருக்க வேண்டும் என்ற ஆசை. சொல்லியிருந்தால் அண்ணன் மட்டும் கீழே விழுந்தவர் ஆக மாட்டார். அவளுக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. அதே ஆசை அவளுக்குள்ளும் இருந்தது. அவரும் சொல்லியிருந்தால், கிடங்கில் அவள் சொன்ன அந்த வார்த்தை கொஞ்சம் லேசாகியிருக்கும்.

"நம்பறதுக்கு யாருக்கும் கஷ்டமே இருக்காதும்மா" என்றாள் மகள், அழுதுகொண்டே. "அப்பாவைத் தெரிஞ்ச எல்லாரும் நம்புவாங்க. சும்மா நின்னா போதும். அப்பாவை எடுத்துட்டு வந்துடலாம்."

அதுதான் அவளைக் குத்தியது. எல்லாரும் நம்புவார்கள். ஊர் நம்பும், தொழிற்சாலை நம்பும். இத்தனை வருஷம் மெஷின்களுக்கு நடுவே உட்கார்ந்து அவளே அல்லவா ஊரை அதற்குப் பழக்கி வைத்திருந்தாள்?

மறுநாள் கூடத்தில் அவளை மேடையில் நிறுத்தினார்கள். ஒரு பக்கம் மகள், அவள் கையைப் பிடித்துக்கொண்டு. மறு பக்கம் சங்கு. தலைவர் மைக்கில் பேசினார். பயந்த மனிதர், பாவம், கடைசியில் புத்தி தெளிந்தார் என்றார். கூட்டத்தில் சிலர் 'ச்சு' கொட்டினார்கள். ஒருவர் தெரிந்ததுதானே என்பது போல் தலையை ஆட்டினார்.

அவளுக்கு முட்டி நடுங்க ஆரம்பித்தது. உள்ளங்கை நனைந்தது. நெஞ்சு அடித்துக்கொண்ட சத்தம் பக்கத்தில் நிற்பவர்களுக்குக் கேட்கும் போலிருந்தது. இந்த உடம்போடுதான் அவர் இத்தனை காலம் ஏணி ஏறினாரா என்று நினைத்தாள். மேடையில் பேசியதற்கு அப்புறம் அவள் ஜெபம் பண்ணியதே இல்லை. வெட்கமாக இருந்தது. இப்போதும் வார்த்தை வரவில்லை. 'ஆண்டவரே' என்றாள், மனசுக்குள். அவ்வளவுதான் வந்தது.

"இல்லை" என்றாள் வெளியே.

தலைவர் திரும்பினார்.

"அவர் சொல்லல." குரல் கிழிந்த துணி மாதிரி வந்தது. "அவர் சொல்லவே இல்ல. நான்தான் சொன்னேன். இங்கேதான் நின்னு சொன்னேன். அதை இப்போ திருப்பி எடுத்துக்கறேன். நானும் இயேசுவை விடல. எனக்குப் பயமா இருக்கு. ஆனா அவர் சொல்லல…"

மைக்கை அணைத்துவிட்டார்கள். அவள் பேசிக்கொண்டே இருந்தாள். உதடு அசைவதுதான் பின் வரிசைகளுக்குத் தெரிந்திருக்கும். கையிலிருந்து ஏதோ வழுக்கிப் போனது. குனிந்து பார்த்தாள். மகள் தன் கையை எடுத்துக்கொண்டிருந்தாள்.

அவளை அடிக்கவில்லை, அடைக்கவும் இல்லை. தலைவர் கெட்டிக்காரர். "துக்கத்துல பேதலிச்சுப் போச்சு, பாவம். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார். அவ்வளவுதான். அவள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு சொன்னது ஒரு பைத்தியத்தின் உளறலாக ஊருக்குள் போனது. ஒயர்மேன் மனம் மாறித்தான் செத்தார் என்று ஊர் நம்பியது. நம்பாத இரண்டொருவர் வாயை மூடிக்கொண்டார்கள்.

உடம்பைத் தரவில்லை. லாரியில் ஏற்றிக்கொண்டு போய் எங்கேயோ புதைத்துவிட்டார்கள். தொழிற்சாலையில் நாளை முதல் வர வேண்டாம் என்றார்கள். நர்ஸிங் கல்லூரியில் மகளின் பெயரை அடித்தார்கள்.

மகள் துணிகளை ஒரு பையில் அடைத்தாள். பெரியப்பா குடும்பம் வேறு ஊருக்குப் போகிறது, அவர்களோடு போகிறேன் என்றாள். வெள்ளைச் சீருடையை எடுத்துக்கொள்ளவில்லை.

"பாப்பா, ஒரு நிமிஷம் உட்காரு."

"என்ன உட்கார்றது? நீங்க ரெண்டு பேரும் உங்க ஆண்டவரைப் பார்த்துக்கிட்டீங்க. என்னை யாரு பார்த்தா?"

மகள் போய்க் கதவு சாத்திய பிறகு அவள் தரையில் உட்கார்ந்து கத்தி அழுதாள். கட்டியவரை அவர் ஆண்டவருக்குக் கொடுத்தாயிற்று. பெற்ற மகளை எதற்குக் கொடுத்தோம் என்று சுவரைக் கேட்டாள்.

அப்புறம் வாழ்ந்தாள். வீட்டிலேயே கிழிந்தது தைத்துக் கொடுத்தாள், பட்டன் வைத்தாள், பழைய சட்டைக் காலரைத் திருப்பிப் போட்டாள். முதலில் யாரும் வரவில்லை. பிறகு பின்வாசல் வழியாக வந்தார்கள். சில பேர் அவளுக்கு உண்மையிலேயே கொஞ்சம் பேதலித்திருக்கிறது என்று நினைத்து, மெதுவாக, குழந்தையிடம் பேசுவது போல அளவு சொல்லிவிட்டுப் போனார்கள். அவள் திருத்தவில்லை.

ஜெபம் திரும்பி வந்தது. ஆனால் ஆறுதலோடு வரவில்லை. முட்டி போட்டால் முதலில் ஞாபகம் வருவது, 'இங்கேயே கிடங்க' என்று தான் சொன்னதுதான். ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்பது சுலபமாக இருந்தது. கேட்க வேண்டிய இன்னொருவர் எங்கே படுத்திருக்கிறார் என்றே தெரியவில்லை. லாரி ஓட்டியவரை ஒரு நாள் தேடிப் பிடித்துக் கேட்டாள். "கல் குவாரிக்கு அந்தாண்டைன்னு நினைக்கிறேன்மா. மழை. இருட்டிட்டு வந்துச்சு. சரியா ஞாபகமில்ல" என்றார். அவரைக் குறை சொல்ல முடியவில்லை. குவாரிக்கு அந்தப் பக்கம் முள்ளும் சரளையுமாக நெடுந்தூரத்துக்கு நிலம் கிடந்தது. போய் நின்று பார்த்தாள். எந்தப் பக்கம் திரும்பி அழுவது என்று தெரியாமல் வந்துவிட்டாள்.

வருஷங்கள் போயின. குழுவும் மாறியது, தலைவரும் சிமெண்ட் கடைக்கே திரும்பினார். தடையை யாரும் எடுக்கவில்லை, தானாக நைந்து போனது. சில ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் வீட்டில் நாலைந்து பேர் வந்து உட்கார்ந்தார்கள். அன்று கூடத்தில் சொன்னவர்கள்தான். யாரும் யாரிடமும் எதுவும் கேட்டுக்கொள்வதில்லை. பாட்டை மெதுவாகப் பாடினார்கள்.

ஒரு நாள் மத்தியானம் மகள் வந்தாள்.

கதவைத் திறந்தவளுக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. கன்னம் ஒட்டியிருந்தது. ஒரு ஆஸ்பத்திரியில் வார்டு துடைக்கும் வேலை செய்கிறாளாம். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். அறையைச் சுற்றிப் பார்த்தாள்.

"பெரியப்பா எப்படி இருக்கார்?"

"இருக்கார். பேசறதில்ல. யார்கிட்டயும் பேசறதில்ல."

பிறகு மகள் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அன்னிக்கு நீ அப்பாவைப் பார்க்கப் போனியே. பயந்தாரா?"

"ரொம்பப் பயந்தார் பாப்பா. கை ஆடிக்கிட்டே இருந்துச்சு."

மகள் முகம் சுருங்கியது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். "வார்டுல சாகப் போறவங்க என் கையைப் பிடிச்சுக்கறாங்க" என்றாள். "துடைக்க வந்தவளா, நர்ஸான்னு பார்க்கறதில்ல. பிடிச்சா விடறதே இல்லம்மா." நிறுத்தினாள். "உன் மேல கோபம் இன்னும் போகல."

"போக வேணாம். வந்தியே, அது போதும்."

அம்மா சோறு போட்டு வைத்தாள். எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அம்மா கண்ணை மூடி, உதட்டசைவு தெரிய ஜெபம் செய்தாள். நடுவில் ஒருமுறை கண்ணைத் திறந்து பார்த்தாள். மகள் கண்ணை மூடவில்லை, தலையைக் குனியவும் இல்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் பசியோடு வந்தவள், தட்டில் கை வைக்காமல், அம்மா முடிக்கும்வரை காத்திருந்தாள்.